எலும்பு மாஸ்டர் சொன்ன தடுப்பு

எங்கள் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுப் பிரிவு ஒரு நீளமான தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கிறது. கால் உடைந்து வருகிறவன்தான் எல்லோரையும்விட அதிக தூரம் போக வேண்டும் என்று யார் திட்டம் போட்டார்களோ, அந்த ஆள் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பேன். வலது பக்கம் எக்ஸ்ரே அறை. அது என் பொறுப்பு. எதிரே மாவுக்கட்டு அறை. அதில் இருபத்திரண்டு வருடமாக ஒரே மனிதர்தான் இருக்கிறார். அவரை நான் அண்ணே என்று கூப்பிடுவேன்.

அண்ணன் ஒல்லியான ஆள். மாவுத் தூள் படிந்து படிந்து முழங்கை வரை தோல் வெளுத்துப்போயிருக்கும். குரல் எழும்பவே எழும்பாது. டாக்டர்கள் "பிளாஸ்டர்!" என்று சத்தம் போடுவார்கள். மாவைக் கேட்கிறார்களா, அவரைக் கேட்கிறார்களா என்று எனக்கே சில சமயம் குழப்பம் வரும். அவர் இரண்டுக்கும் எழுந்து போவார். வீட்டிலும் அதே கதைதான். மகளின் பிரசவத்துக்கு வெளியூர் போன மனைவி, பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் திரும்பி வரவில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. தினமும் போன் வரும். "சாப்டீங்களா?" என்று அந்த அம்மா கேட்பார், இவர் "ம்" என்பார், அவ்வளவுதான் தாம்பத்தியம். இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தார். இப்படிப்பட்டவருக்கு ஆயுதப் பைத்தியம் பிடித்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் பிடித்தது.

போனில்தான் பிடித்தது. 'வீச்சும் தடுப்பும்' என்று ஒரு குழு. முந்நூறு பேர் இருப்பார்கள். பஸ் ஓட்டுகிறவர், மருந்துக்கடைக்காரர், கணக்கு வாத்தியார் என்று எல்லாமே வேலை வெட்டி உள்ள ஆட்கள். ஆனால் போனைத் திறந்தால் ஆளுக்கொரு ஆயுதம், அந்த ஆயுதத்தின் பெயரிலேயே ஆளுக்கொரு பட்டப்பெயர். ஈட்டி, கேடயம், சங்கிலி இப்படி. கம்பு பெரிதா வாள் பெரிதா, கராத்தேக்காரன் ஜெயிப்பானா குத்துச்சண்டைக்காரன் ஜெயிப்பானா என்று காலையில் ஆரம்பித்தால் ஒருவரும் வாயை மூட மாட்டார்கள்.

"வாள்காரன் என் பக்கத்துல வந்து சேர்றதுக்குள்ள நான் டீ குடிச்சிட்டு வந்து குத்துவேன்" என்பார் ஈட்டி.

"நீ டீ குடிக்கிறதைத் தவிர வேற எதையும் நாங்க இதுவரைக்கும் பார்க்கலையே" என்பார் சங்கிலி.

"நீ சங்கிலிக் கட்டையைச் சுத்தி உன் மண்டையிலயே வாங்கினதை மட்டும் நாங்க நாலு தடவை பார்த்திருக்கோம்."

இப்படியே போகும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் இதையெல்லாம் எனக்குப் படித்துக் காட்டுவார். அவருக்குச் சிரிப்பு வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்தக் குழுவுக்கு ஒரு சட்டம் உண்டு. எவன் எதைச் சொன்னாலும் ஒரு வாரத்துக்குள் தானே செய்து வீடியோ போட வேண்டும். 'செஞ்சு காட்டு, இல்லன்னா கம்முனு இரு' என்று குழுவின் நெற்றியிலேயே எழுதி வைத்திருந்தார்கள். குழுவை நடத்திய கேடயம் இதில் கறார். அதனால் அண்ணன் ஒரு வருடம் வெறுமனே படித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள், கம்படி விழுந்தால் முதலில் எது உடையும் என்று பேச்சு வந்தது. மண்டை என்றார் ஒருவர், விலா என்றார் இன்னொருவர். அண்ணன் முதன்முதலாக எழுதினார்: 'முன்கை. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு. அடி வாங்கப்போகிறவன் தலையைக் காப்பாற்றக் கையைத் தூக்குவான். அங்கேதான் விழும்.' எழுதியதோடு நிற்காமல் அப்படி உடைந்த ஒரு கையின் எக்ஸ்ரே படத்தையும் போட்டார். படம் நான் கொடுத்தது. பெயர் இருந்த மூலையை மறைத்துத்தான் கொடுத்தேன். ஆனாலும் கொடுத்தது நான்தான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

குழுவே ஆடிப்போய்விட்டது. அதுவரை எல்லோரும் வாயால் உடைத்துக்கொண்டிருந்தார்கள், இவர் உடைந்ததையே காட்டிவிட்டாரே! அன்றைக்கே 'எலும்பு மாஸ்டர்' என்று பெயர் சூட்டினார்கள். எக்ஸ்ரே போடுகிறவர் வீடியோ போட வேண்டாம் என்று கேடயம் தீர்ப்புச் சொன்னார். எங்கள் எல்லோரையும் கெடுத்தது அந்தத் தீர்ப்புதான் என்பேன்.

பிறகு எந்தச் சண்டை வந்தாலும் மாஸ்டரைக் கூப்பிட்டார்கள். இரும்புக் கம்பியா மரக்கம்பா, எது ஆழமாக உடைக்கும்? விரல் எலும்பு உடைந்தால் வாளைப் பிடிக்க முடியுமா? அண்ணன் பொறுமையாக, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் எழுதுவார். 'இவ்வளவு எலும்பைப் பார்த்தவர் எத்தனை பேரைப் போட்டுத் தள்ளியிருப்பாரோ' என்று ஒருவர் எழுதினார். அண்ணன் மறுக்கவில்லை.

"நீங்க கம்பைத் தொட்டதே இல்லன்னு சொல்லிட வேண்டியதுதானே?" என்றேன்.

"யாரும் கேக்கலையேம்மா" என்றார்.

எனக்கும் அதை விட்டுவிடத்தான் மனசு சொன்னது. அவர் முதுகு நிமிர்ந்திருந்தது. டாக்டர் "பிளாஸ்டர்!" என்றால்கூட ஒரு நிமிடம் கழித்துத்தான் எழுந்தார். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நானும் குழுவில் சேர்ந்துகொண்டேன், வாயைத் திறக்காமல்.

வெறுங்கையோடு நிற்கிறவன் கம்பைத் தடுக்க முடியுமா என்று ஒருமுறை பெரிய வாக்குவாதம். 'தடுத்துப் பாருங்க, அப்புறம் மாஸ்டர்கிட்ட கட்டுப் போட்டுக்கிட்டு வாங்க' என்று ஈட்டி கேலி செய்தார். அண்ணனுக்கு அது எங்கோ சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். நீளமாக எழுதினார்: 'முன்கையில் இரண்டு எலும்பு. கையைச் சும்மா தூக்கினால் ஒன்றுதான் அடியை வாங்கும். அது உடையும். அடி விழுகிற நேரத்தில் உள்ளங்கை முகத்தைப் பார்க்கிற மாதிரி சட்டென்று திருப்பினால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். அடியைப் பங்குபோட்டுக்கொள்ளும். உடையாது.' கூடவே இரண்டு படங்கள். கைதட்டல் பொம்மைகள் வந்து குவிந்தன. அதில் ஒன்று நான் போட்டது.

மறுநாள் கட்டு அறைக்குப் போய், "நிஜமாவே உடையாதாண்ணே?" என்று கேட்டேன்.

அண்ணன் இடது கைச் சட்டையை மேலே சுருட்டினார். முன்கை நடுவில் லேசாக வளைந்திருந்தது. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை.

"பதினோரு வயசு. அப்பா அடிக்க வந்தாரு, கையைத் தூக்கிட்டேன். அன்னைக்கு மட்டும் இப்படித் திருப்பியிருந்தா உடைஞ்சிருக்காதும்மா. நாப்பது வருஷமா யோசிச்சுப் பார்த்திருக்கேன்."

கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். இது எக்ஸ்ரேயில் பார்த்துக் கண்டுபிடித்ததில்லை. அடி வாங்கிய பதினோரு வயதுப் பையன் தனக்குச் சொல்லிக்கொண்ட ஆறுதல். அதை முந்நூறு பேர் படித்துக் கைதட்டியிருக்கிறார்கள். சாதாரணமாக என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. அன்றைக்குப் பார்த்து இருந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் அந்த மனிதர் வந்தார். நாற்பது வயது இருக்கும். சலூன்காரர். கடைத் துண்டை மடித்து, அதன்மேல் இடது முன்கையை ஏந்திப் பிடித்திருந்தார். வியர்வை கொட்டியது, ஆனாலும் முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு. படம் எடுத்துப் பார்த்தேன். இரண்டு எலும்பும் உடைந்திருந்தன. வழக்கமாகக் கம்படிக்கு ஒன்றுதான் உடையும்.

"எப்படி ஆச்சு?"

"பயிற்சிங்க. கையைத் திருப்பறதுல ஒரு செகண்டு லேட்டாயிடுச்சு."

அவரே மேற்கொண்டு சொன்னார். மனைவியின் தம்பியைக் கம்பால் அடிக்கச் சொல்லிப் பழகியிருக்கிறார். எட்டுத் தடவை சரியாக வந்ததாம். ஒன்பதாவது தடவை, 'மச்சான், நிஜமாவே அடிடா' என்றாராம்.

"எங்க குரூப்புல எலும்பு மாஸ்டர்னு ஒருத்தர் இருக்காருங்க. அவர் சொன்ன தடுப்பு. அவர் சொன்னா தப்பே வராது."

குழுவில் இவருக்குக் கத்திரி என்று பெயர். யாரையும் கேலி செய்யாத ஆள், மாஸ்டர் எது எழுதினாலும் முதலில் கைதட்டுகிற ஆள். இரண்டு பெண் குழந்தைகள். இரண்டு நாற்காலி போட்ட சொந்தக் கடை. அண்ணன் மாவுச் சுருளைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருக்கும்போது இதையெல்லாம் அவரிடமும் சொன்னார். மாஸ்டர் புகழ் பாடியபடியே கையை நீட்டினார். அண்ணன் தலை நிமிரவில்லை. மாவு காயும்போது சூடேறும், அதனால் எந்த நோயாளியிடமும் "சூடாகும், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சுற்றுவார். அன்றைக்குச் சொல்லவில்லை. "என்னங்க இது, சுடுதே?" என்று சலூன்காரர் பதறியபோது, வாசலில் நின்ற நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஆபரேஷனுக்குப் போகும் முன் அவர் தன் எக்ஸ்ரேயைக் குழுவில் போட்டார். 'மாஸ்டர், என் தப்பு என்னன்னு பார்த்துச் சொல்லுங்க.' உடனே கிண்டல் ஆரம்பித்தது. 'கத்திரிக்குக் கஸ்டமர் தலையைத்தான் திருப்பத் தெரியும், கையைத் திருப்பத் தெரியாது' என்றார் சங்கிலி. மாஸ்டர் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு, 'முதலில் குணமாகட்டும்' என்று மட்டும் எழுதினார்.

நான் கட்டு அறைக் கதவைச் சாத்திவிட்டு அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். "உண்மையைச் சொல்லிடுங்கண்ணே. அந்த ஆளு தன் மேலயே பழியைப் போட்டுக்கிட்டிருக்காரு."

"சொல்லிட்டா?"

"சொல்லிட்டா என்ன, மாஸ்டர் பட்டம் போகும். போகட்டும்."

அவர் மேஜையில் படிந்திருந்த மாவை விரலால் ஒதுக்கிக்கொண்டே இருந்தார். "அதுவும் போயிட்டா நான் எங்கம்மா போறது?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. எதிர் அறைக்குப் போய் அடுத்த நோயாளியிடம் அநியாயத்துக்குச் சிடுசிடுத்தேன்.

எலும்பில் தகடு வைத்தார்கள். நாலு மாதத்தில் எலும்பு சேர்ந்தது. ஆனால் கை திரும்பவில்லை. உள்ளங்கையை மேலே பார்க்க வைக்க முடியவில்லை, பாதியில் நின்றுவிடும். சலூன்காரருக்கு அது சீப்புப் பிடிக்கிற கை. முடியைச் சீப்பால் தூக்கிக் கொடுத்தால்தானே கத்திரி வெட்டும்? முகச்சவரம் மட்டும் எப்படியோ செய்தார். ஒரு நாற்காலியைத் துணி போட்டு மூடிவிட்டதாகச் சொன்னார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வியாழக்கிழமைதோறும் கை திரும்புவதற்கான பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்கு வருவார். பயிற்சி கொடுப்பது அண்ணன் வேலை இல்லை, அதற்கு வேறு ஆள் இருக்கிறார். ஆனாலும் அண்ணன் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார், கையைப் பிடித்து மெல்லத் திருப்பிப் பார்ப்பார், டீ வாங்கித் தருவார். "இவ்வளவு பண்றீங்களேண்ணே, நீங்க நல்லா இருக்கணும்" என்று அவர் வாழ்த்திவிட்டுப் போவார். அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு அண்ணன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோவார்.

இதற்கிடையில் குழுவில் ஈட்டி வேலையைக் காட்ட ஆரம்பித்தார். 'மாஸ்டரோட தடுப்பு டுபாக்கூர். கத்திரி கையைப் பார்த்தாலே தெரியலையா?' என்று தினமும் குத்தினார். கேடயம் சட்டத்தை எடுத்தார்: யாராவது செய்து காட்ட வேண்டும். அப்போதுதான் கத்திரி எழுதினார். வருடத்துக்கு ஒருமுறை குழுவில் உள்ள எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்தில் கூடுவார்கள். இந்த வருடம் அது வருகிற ஞாயிற்றுக்கிழமை. அங்கே வந்து செய்து காட்டுகிறேன், ஈட்டியே கம்பால் அடிக்கட்டும், வலது கையில் வாங்குகிறேன் என்றார். 'நான் தப்பா திருப்பினதுக்கு மாஸ்டர் பேர் கெடக் கூடாது' என்று முடித்திருந்தார்.

வலது கை. கத்திரி பிடிக்கிற கை.

அந்த வியாழக்கிழமை அவர் உற்சாகமாக வந்தார். மைதானத்தைப் பற்றி அண்ணனிடம் சொன்னார். அண்ணன் அவர் கையை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பண்ணாதீங்க தம்பி. அந்தத் தடுப்பு தப்பு. எப்படித் திருப்பினாலும் உடையும்."

"இல்லண்ணே, நான் தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு பழகறேன். இப்ப வலது கை சரியா திரும்புது."

"நான் சொல்றேன்ல, உடையும். எத்தனை கையைப் பார்த்திருக்கேன்."

சலூன்காரர் சிரித்தார். மரியாதையாகத்தான் சிரித்தார். "உங்களுக்குக் கட்டுத் தெரியும்ணே. மாஸ்டருக்கு அடி தெரியும். அவங்கவங்க அவங்கவங்க வேலையைப் பார்க்கணும், என்ன?"

அந்த மாஸ்டர் நான்தான் என்று அண்ணன் அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம், நானாவது சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் சொல்லவில்லை. சலூன்காரர் டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மதியம் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். கட்டுப் போடுகிற கட்டிலில் உட்கார்ந்து, மாவு ஒட்டிய கட்டைவிரலால் எழுதிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் ஆனது. எழுதி முடித்து எனக்குப் படித்துக் காட்டினார்.

'நான் எலும்பு மாஸ்டர். நான் யாரிடமும் எதுவும் கற்றதில்லை. யாரையும் அடித்ததில்லை. கம்பைக் கையில் எடுத்ததே இல்லை. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிறேன். படங்கள் நிஜம். தடுப்பு நானாக நினைத்துக்கொண்டது, அது பொய். எப்படித் திருப்பினாலும் கை உடையும். இரண்டு எலும்பும் சேர்ந்து வாங்கினால் இரண்டும் உடையும். கத்திரிக்கு இரண்டும் உடைந்தது, அதாவது அவர் சரியாகத்தான் திருப்பினார். தப்பு என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை யாரும் செய்ய வேண்டாம்.'

"அனுப்பட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"அனுப்புங்கண்ணே" என்றேன். அனுப்பினார்.

பதில்கள் கொட்ட ஆரம்பித்தன. 'மாவு மாஸ்டர்' என்றார் சங்கிலி. 'இத்தனை நாளா நம்ம காதுல பூவைச் சுத்தி வெச்சிருக்கான்' என்றார் இன்னொருவர். ஈட்டி எழுதியதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. மாஸ்டர் மாஸ்டர் என்று தலையில் தூக்கி வைத்து ஆடிய அதே முந்நூறு பேர். பதினொரு நிமிடத்தில் கேடயம் அண்ணனைக் குழுவிலிருந்து நீக்கினார். அண்ணனின் போன் சத்தம் நின்றுவிட்டது. என் போன் மட்டும் சாயங்காலம் வரை கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது. கத்திரி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

சனிக்கிழமை காலையில் அவரே நேரில் வந்தார். உள்ளே வராமல் கட்டு அறையின் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தம் வந்தால் நடுவில் புகலாம் என்று நான் என் அறை வாசலுக்கு வந்தேன். சத்தம் வரவில்லை.

"நீங்கதானா?" என்று கேட்டார்.

"ஆமா தம்பி."

"ஊருல எத்தனையோ மாவுக்கட்டுக்காரங்க இருக்கலாம்னு பார்த்தேன். ராத்திரி பூரா அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"நான்தான்."

"கம்பு எடுத்ததே இல்லையா? ஒரு தடவைகூட?"

"இல்ல."

"எட்டுத் தடவை சரியா வந்துச்சே?"

"மச்சான் மெதுவா அடிச்சிருப்பாரு."

சலூன்காரர் தலையை ஆட்டினார். "நாளைக்கு மைதானத்துக்குப் போகலை. கம்பையும் மச்சான்கிட்டயே குடுத்துட்டேன்" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அண்ணன் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. இடது கையைத் தன் முன்னால் நீட்டி, அது திரும்புகிற அளவுக்குத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் சரியாத்தான் திருப்பினேனா?"

"சரியாத்தான் திருப்பினீங்க."

"நான்தான் பிசகிட்டேன், ஒழுங்கா திருப்பியிருந்தா உடைஞ்சிருக்காதுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் தினமும் போய்க் கடையைத் திறந்தேன். இனிமே என்னத்தை நெனச்சுக்கிட்டுத் திறக்கறது?"

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அண்ணன் கும்பிட்ட கையை இறக்காமல் நின்றார். சலூன்காரர் அந்த நீளமான தாழ்வாரத்தில் திரும்பி நடந்தார்.